கல்லுக்கு அடியில் தொட்டி!

சமையல் மேடையில் தண்ணீர் சிந்தி விடுகிறது. துணியை எடுத்து, ஒரே இழுப்பில் தொட்டிக்குள் தள்ளப் பார்க்கிறீர்கள். தண்ணீர் போக மறுக்கிறது!

காரணம் என்ன?

தொட்டியின் விளிம்பு மேடைக்கு மேலே தூக்கி நிற்கிறது. வயலில் வரப்பு தண்ணீரை மறிக்கும் அல்லவா? அந்த வேலையைத்தான் இந்த விளிம்பும் செய்கிறது. தண்ணீர் வரப்பின் ஓரத்தில் தேங்கி நிற்கும். சோற்றுப் பருக்கையும், மஞ்சள் கறையும், சோப்பு நுரையும் அங்கேயே தங்கும். நாள் ஆக ஆக அந்த ஓரம் கறுத்துப் போகும்.

இந்தத் தொல்லைக்கு ஒரு வழி உண்டு. தொட்டியின் விளிம்பைக் கல்லுக்கு மேலே வைக்காமல், கல்லுக்கு அடியில் வைத்து விடுவது. அப்போது மேடையில் வரப்பு இருக்காது. துணியால் ஒரு தள்ளு தள்ளினால், தண்ணீரும் குப்பையும் நேராகத் தொட்டிக்குள் விழுந்து விடும்.

இப்படிக் கல்லுக்கு அடியில் தொங்கும் தொட்டியைத்தான் கடைக்காரர்கள் "அண்டர்மவுண்ட் சிங்க்" என்கிறார்கள். புது வீடு கட்டுகிற பலர் இன்று இதையே கேட்கிறார்கள்.

கேட்பது எளிது. சரியாக வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்லை ஒரு முறை வெட்டி விட்டால், வெட்டியதுதான். மறுபடி ஒட்ட முடியாது!

எல்லா வீட்டுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. முதலில் உங்கள் மேடை எதனால் ஆனது என்று பாருங்கள்.

விளிம்பு கீழே போய்விட்டால், கல்லின் வெட்டிய பக்கம் வெளியே தெரியும். தினமும் தண்ணீர் அதன் மேல்தான் ஓடும். ஆகவே மேடை, தண்ணீருக்கு அசையாத பொருளாக இருக்க வேண்டும். கிரானைட் கல் இதற்கு நன்றாகப் பொருந்தும். நமக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலேயே கிரானைட் கிடைக்கிறது.

மரத்தூள் பலகையில் மேலே தகடு ஒட்டிய மேடை என்றால், இந்த ஆசையை விட்டு விடுங்கள். வெட்டிய இடத்தில் தண்ணீர் புகுந்து, பலகை ஊறி, உப்பிப் போகும்.

வாடகை வீடு என்றாலும், செலவைக் குறைக்க வேண்டும் என்றாலும், மேலே வைக்கும் பழைய வகைத் தொட்டியே போதும். அதைக் கழற்றி மாற்றுவது சுலபம். கல்லின் வெட்டிய ஓரத்தைப் பாலீஷ் போடும் கூலியும் மிச்சம்.

ஆழம் அதிகமானால் முதுகு வலி!

கடையில் தொட்டியைப் பார்க்கும்போது, "ஆழமாக இருந்தால் நிறையப் பாத்திரம் போடலாமே" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்!

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மேடையின் உயரம் தரையிலிருந்து 33 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் கனம் முக்கால் அங்குலம். தொட்டியின் ஆழம் 10 அங்குலம். தொட்டி கல்லுக்கு அடியில் இருப்பதால், கல்லின் கனத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தால், தொட்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 22¼ அங்குல உயரத்தில் இருக்கும்.

இப்போது பாத்திரம் கழுவுகிறவரை நேராக நிற்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தரையிலிருந்து உள்ளங்கை வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 5 அடி உயரம் உள்ள பெண்ணுக்கு இது சுமார் 25 அங்குலம் இருக்கும்.

தொட்டியின் அடி 22¼ அங்குலத்தில். கை 25 அங்குலத்தில். குறைகிற 2¾ அங்குலத்துக்கு யார் பொறுப்பு? முதுகுதான்! ஒவ்வொரு கரண்டியை எடுக்கும்போதும் குனிய வேண்டும். மூன்று வேளையும் குனிய வேண்டும்.

7 அங்குலம் அல்லது 8 அங்குல ஆழம் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பெரிய அண்டாவும் இட்லிப் பானையும் கழுவ ஆழமான தொட்டி வேண்டும் என்றால், மேடையின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எதுவானாலும் கல் வரும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். வீட்டுக்காரரை வைத்து அளக்கக் கூடாது. பாத்திரம் கழுவுகிறவர் யாரோ, அவரை வைத்துத்தான் அளக்க வேண்டும். வீட்டுக்காரரே கழுவுகிறவர் என்றால், மகிழ்ச்சி! அவரை வைத்தே அளக்கலாம்.

காந்தம் சொல்லும் பாதி உண்மை

தொட்டி எந்தத் தகட்டால் ஆனது?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப் பிடிக்காது என்கிறோம். அதற்குக் காரணம், அதில் கலந்திருக்கும் குரோமியம் என்ற உலோகம். இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ம் ஆண்டு இத்தகைய உருக்கை உருவாக்கினார். குரோமியம் காற்றுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய போர்வையைத் தகட்டின் மேல் போர்த்துகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் போர்வை தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். நம் சேலம் உருக்காலையிலும் இந்த உருக்குத் தகடு உற்பத்தியாகிறது.

ஆனால் எல்லா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒன்று அல்ல.

தொட்டிக்கு நல்லது 304 என்ற ரகம். இதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202 என்று இன்னொரு ரகம் உண்டு. அதில் நிக்கலைக் குறைத்து, மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். விலை மலிவு. ஆனால் உப்புக்கும் ஈரத்துக்கும் 304 அளவுக்குத் தாங்காது. கடலோர ஊர்க்காரர்கள் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

"காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு" என்று கடையில் சொல்வது உண்டு. இது பாதி உண்மைதான். 304 தகட்டில் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஆனால் 202 தகட்டிலும் ஒட்டாது! காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு சொட்டு மருந்தும் சிறு பேட்டரியும் வைத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. மாங்கனீசு அதிகமாக இருந்தால் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்து விடும். கடைக்காரரிடம் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் "304" என்று எழுதி வாங்குங்கள்.

தகட்டின் கனத்தையும் கேளுங்கள். "கேஜ்" என்று ஒரு எண் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண் குறையக் குறைய, தகடு கனமாகும். 20 கேஜ் தகட்டைவிட 18 கேஜ் தகடு கனமானது. 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். வீட்டுக்கு இது நல்ல கனம். மெல்லிய தகடு என்றால், குழாய்த் தண்ணீர் விழும்போதே தகர டப்பா போலச் சத்தம் போடும். அடிப்பக்கம் ரப்பர் அட்டை ஒட்டிய தொட்டியில் சத்தம் குறைவு.

கல்லை வெட்டும் முன்...

முதல் விதி: தொட்டியை வாங்கி வீட்டில் வைத்த பிறகுதான் கல்லை வெட்ட வேண்டும்.

பெட்டிக்குள் அளவு அட்டை ஒன்று இருக்கும். அதை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். தொட்டியைக் கவிழ்த்து வைத்து, அட்டையும் தொட்டியும் ஒத்துப் போகிறதா என்று சரி பாருங்கள்.

இரண்டாவது விதி: முன்பக்கம் கல் போதுமான அளவு மிஞ்ச வேண்டும்.

மேடையின் அகலம் 24 அங்குலம். தொட்டியின் உள் அகலம், முன்னிருந்து பின்னாக, 18 அங்குலம் என்றால் மிஞ்சுவது 6 அங்குலம். முன்னால் 2½ அங்குலம், பின்னால் 3½ அங்குலம் விடலாம். குழாயைக் கல்லிலேயே பொருத்துவதானால், பின்னால் அதற்கும் ஓட்டை போட வேண்டும். இடம் நெருக்கடிதான். 16 அங்குலத் தொட்டி என்றால் 8 அங்குலம் மிஞ்சும். கவலை இல்லை.

முன்பக்கம் மிஞ்சும் பட்டை மெலிந்து போனால், கல்லைத் தூக்கி வரும்போதே முறிந்து விடும். அந்தப் பட்டையின் அடியில் காடி வெட்டி, ஸ்டீல் கம்பி பதித்து, பசை போட்டு அடைத்துக் கொடுக்கும் கிரானைட் பட்டறைகள் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விதி: மூலையைக் கத்தி முனை போலக் கூராக வெட்டக் கூடாது. கல்லில் விரிசல் கூர்மையான மூலையில்தான் தொடங்கும். நான்கு மூலையிலும் முதலில் வட்டமாகத் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை நேராக வெட்டினால், மூலை வளைவாக அமையும். கல்லும் பிழைக்கும்.

நான்காவது விதி: கல் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை முன்பே சொல்லி விடுங்கள்.

இதில் மூன்று வகை உண்டு. கல்லும் தொட்டியும் சமமாக இருப்பது ஒன்று. கல் உள்ளே தள்ளி, தொட்டியின் விளிம்பு கொஞ்சம் தெரிவது இன்னொன்று. கல் தொட்டியின் மேல் சற்று நீட்டிக்கொண்டு நிற்பது மூன்றாவது.

விளிம்பு தெரிந்தால், அந்தப் படியில் அழுக்கு தங்கும். கல் அதிகமாக நீட்டினால், அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் பாசி பிடிக்கும். சமமாக வெட்டுவது அழகு. ஆனால் கை தேர்ந்தவரால்தான் முடியும். நம் வீடுகளுக்கு, கல் ஒரு நூல் மட்டும் நீட்டிக்கொண்டு இருப்பது நல்லது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று கொத்தனார்களுக்குத் தெரியும். இதனால் கல்லிலிருந்து வழியும் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் சொட்டும். ஒட்டிய இடத்தில் படாது.

வெட்டுகிறவர் மூச்சும் முக்கியம்

கல்லை வெட்டும்போது வெள்ளைப் புகை போலத் தூசி கிளம்பும். அது சாதாரணத் தூசி அல்ல. அதில் சிலிக்கா என்ற நுண்துகள் இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும். அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை.

கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. கல்தூளைப் பசையுடன் சேர்த்துச் செய்யும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் இன்னும் அதிகம். பல பலகைகளில் அது 90 சதவீதத்தைத் தாண்டும். தொழிலாளர்கள் நோயில் விழுந்ததைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைப் பலகைகளுக்குத் தடை போட்டு விட்டது.

ஆகவே வீட்டுக்குள் வைத்து உலர்ந்த கல்லை வெட்ட விடாதீர்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, வெளியில் வைத்து வெட்டச் சொல்லுங்கள். வெட்டுகிறவர் நல்ல முகமூடி போட்டுக்கொள்ளட்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் போதாது. குழந்தைகளைத் தூர அனுப்பி விடுங்கள்.

"நூறு வருஷம் அசையாது!"

வேலை நடக்கும் ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மேஸ்திரி! தொட்டியை எப்படி வைக்கப் போகிறீர்கள்?" என்று வீட்டு அம்மாள் கேட்கிறாள்.

"அடியில் கடப்பா கல், அதன் மேல் தொட்டி, அதன் மேல் கிரானைட். மூன்றையும் சிமெண்டு போட்டு இறுக்கி விடுவேன் அம்மா. நூறு வருஷம் அசையாது!"

"சரி. பத்து வருஷத்தில் தொட்டி ஓட்டையாகி விட்டால்?"

மேஸ்திரி தலையைச் சொறிகிறார்.

"கல்லை உடைக்க வேண்டியதுதான் அம்மா!"

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் பணம் வீணாகிறது. இரண்டு கல்லுக்கு நடுவே தொட்டியைப் புதைத்து விட்டால், அதை எடுக்க வழி இல்லை. தொட்டியின் விலை கொஞ்சம். அதை மாற்றுவதற்காக உடைக்கும் கல்லின் விலை அதைவிட அதிகம்.

வழி என்ன?

அடியில் உள்ள கடப்பா கல்லில், தொட்டியின் வெளி விளிம்பைவிடப் பெரிதாக ஓட்டை விடச் சொல்லுங்கள். தொட்டி வெளிப்புறம் 24-க்கு 18 அங்குலம் என்றால், அடிக்கல்லின் ஓட்டை 25-க்கு 19 அங்குலம் இருக்கட்டும். தொட்டியைக் கீழிருந்து தூக்கிக் கிரானைட்டில் ஒட்டி, அடியில் ஸ்டீல் ஆங்கிள் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். சட்டத்தைத் திருகாணியால் கழற்றும்படி வைத்துவிட்டால், நாளைக்குத் தொட்டி கெட்டாலும், பசையை அறுத்துக் கீழ் வழியாகவே எடுத்து விடலாம். கல் பத்திரமாக இருக்கும். அடியில் கதவு போடுவதானால், நடுவில் கட்டை வராமல் போடுங்கள். கதவைத் திறந்தால் தொட்டி வெளியே வரும் அளவுக்கு வழி வேண்டும்.

பசை மட்டும் போதாதா?

போதாது! இதற்கும் கணக்கு இருக்கிறது.

24 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 9 அங்குல ஆழம் உள்ள தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் சுமார் 64 லிட்டர். 64 லிட்டர் தண்ணீரின் எடை 64 கிலோ. அதாவது, நாலு குடம் தண்ணீருக்கும் மேல்! அதோடு பாத்திரங்களின் எடையும் சேரும். இவ்வளவும் ஓரத்தில் தடவிய பசையில் தொங்கினால், ஒரு நாள் தொட்டி இறங்கி விடும். பசை தண்ணீரைத் தடுக்கட்டும். பாரத்தைச் சட்டம் தாங்கட்டும்.

பொருத்தும் முறை

முதலில் பசை போடாமல் தொட்டியைத் தூக்கி வைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்த்து, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கல்லின் அடிப்பக்கத்தையும், தொட்டியின் விளிம்பையும் துடையுங்கள். தூசியோ, எண்ணெயோ, ஈரமோ இருந்தால் பசை பிடிக்காது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும்.

விளிம்பைச் சுற்றி இடைவெளி இல்லாமல் சிலிக்கான் பசையைக் கோடாகப் போட வேண்டும். நடுவில் அறுந்தால், தண்ணீர் அந்த வழியாகத்தான் புகும். பசையிலும் இரண்டு வகை உண்டு. காடி வாசனை அடிப்பது ஒரு வகை. அதில் அமிலம் இருக்கிறது. பளிங்குக்கும் கடப்பா கல்லுக்கும் அது ஆகாது. வாசனை இல்லாத "நியூட்ரல்" வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தொட்டியைத் தூக்கி வைத்து, சட்டத்தின் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் மூலையாக முறுக்க வேண்டும். ஒரே மூலையை முறுக்கினால் தொட்டி கோணிக்கொள்ளும். வெளியே பிதுங்கிய பசையை அப்போதே துடைத்து விடுங்கள். மறுநாள் துடைக்க நினைத்தால், பிளேடு வைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

அதன் பிறகு ஒரு நாள், அதாவது 24 மணி நேரம், தொட்டியைத் தொடாதீர்கள். தண்ணீரும் வேண்டாம். பாத்திரமும் வேண்டாம்.

கரப்பான் பூச்சிக்குக் காவலாளி

தொட்டிக்கு அடியில் கழிவுக் குழாய் நேராக இறங்கக் கூடாது. நடுவில் ஒரு வளைவு வேண்டும். அதை "டிராப்" என்பார்கள். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் காவலாளி! சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் அதைத் தாண்டி மேலே வருவது கஷ்டம். வெளியூர் போய் வீடு பூட்டிக் கிடந்தால், அந்தத் தண்ணீர் வற்றி விடும். திரும்பி வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.

தொட்டி கீழே இறங்குவதால், சுவரில் உள்ள கழிவு ஓட்டையும் தாழ்வாக இருக்க வேண்டும். ஓட்டை உயரத்தில் இருந்தால், தண்ணீர் தொட்டியிலேயே தேங்கும். வளைவைத் தாண்டிப் போகும் குழாய் 40 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் வீதம் சரிய வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. வடிகாலை அடைத்து, தொட்டியைத் தண்ணீரால் நிரப்புங்கள். அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்து விட்டு, தண்ணீர் முழுவதும் போன பிறகும் பாருங்கள். தாளில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும், எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரிந்து விடும். ஆளை அனுப்பும் முன்பே இதைச் செய்து விடுங்கள். கூலி வாங்கிக்கொண்டு போனவரைத் திரும்பக் கூப்பிடுவது எளிதல்ல!

நாள்பட உழைக்க

இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் துகள் தொட்டியில் ஒட்டித் துருப் பிடிக்கும். தொட்டியே துருப் பிடித்த மாதிரி தெரியும். தேங்காய் நாரோ, பிளாஸ்டிக் நாரோ போதும்.

பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஊற வைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரித்து, குழி விழச் செய்யும்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் வெள்ளை உப்புக் கறை படியும். இரவு வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்து விட்டால் கறை வராது. படிந்து விட்டால், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கழுவலாம். ஆனால் மேடை கடப்பா கல் என்றால், எலுமிச்சை அதன் மேல் படக்கூடாது. அது சுண்ணாம்புக் கல் இனம். புளிப்பு பட்டால் பளபளப்பு போய்விடும்.

கல்லும் தொட்டியும் சேரும் இடத்தை மாதம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். பசை கறுத்தாலோ, உரிந்தாலோ, பழையதைச் சுரண்டி எடுத்து விட்டுப் புதிதாகப் போடுங்கள். சின்ன வேலை. தள்ளிப் போட்டால்தான் பெரிய வேலை ஆகும்.

புது வீட்டில் வாசல் கதவுக்கும், வரவேற்பறை விளக்குக்கும் நாள் கணக்கில் யோசிக்கிறோம். தொட்டியை மட்டும், "ஏதோ ஒன்று வாங்கி வையுங்கள்" என்று விட்டு விடுகிறோம்.

வாசல் கதவை வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். தொட்டி முன்னால் தினம் மூன்று வேளை நிற்கப் போவது வீட்டில் உள்ளவர்கள். கல் வெட்டும் நாளுக்கு முன், அவர்களை ஒரு முறை நிற்க வைத்து அளந்து விடுங்கள்!